செருப்பு, கட்டில், கறுப்பு அட்டைப் புத்தகம்

வில்லியம் மல்லின்ஸ் ஒரு செருப்பு வியாபாரி. இங்கிலாந்தில் டார்க்கிங் என்ற ஊர்க்காரர். 1620-ல் மனைவி ஆலிஸ், மகன் ஜோசப், மகள் பிரிசில்லா, ராபர்ட் என்ற வேலைக்காரன் ஆகியோரைக் கூட்டிக்கொண்டு 'மேஃப்ளவர்' கப்பலில் ஏறி அமெரிக்காவுக்குப் போனார். மூத்த மகனும், கல்யாணமான மூத்த மகளும் இங்கிலாந்திலேயே தங்கிவிட்டார்கள். கப்பலில் இவரோடு சரக்கும் போயிற்று. புது ஊருக்குப் போகிறவர்களுக்குக் காலில் போட ஏதாவது வேண்டும் இல்லையா? வியாபாரக் கணக்கு சரிதான். உயிர்க்கணக்குதான் தப்பியது.

கப்பலில் வந்த 102 பயணிகளில் ஏறக்குறைய பாதிப் பேர் முதல் குளிர்காலத்திலேயே இறந்துபோனார்கள். மல்லின்ஸ் 1621 பிப்ரவரியில் போனார். போவதற்கு முன் அவர் படுத்தபடியே சொல்லச் சொல்ல, காலனியின் முதல் கவர்னர் ஜான் கார்வர் எழுதிக்கொண்டார். கப்பல் கேப்டனும் கப்பல் வைத்தியரும் சாட்சி. அந்த உயிலின் பிரதி இன்றைக்கும் இருக்கிறது. ஒரு பக்கம் கூட வராது. படித்துப் பாருங்கள், நாவல் தோற்கும்.

ஊரில் ஒருவரிடம் கொடுத்து வைத்திருக்கும் 40 பவுண்டு. அதில் மனைவிக்கு 10, ஜோசப்புக்கு 10, பிரிசில்லாவுக்கு 10, மூத்த மகனுக்கு 10. கைவசம் 21 டஜன் ஷூ, 13 ஜோடி பூட்ஸ். இவற்றைக் கம்பெனி 40 பவுண்டுக்கு எடுத்துக்கொள்ளட்டும். விலை ஜாஸ்தி என்று தோன்றினால் பெரியவர்கள் பார்த்து முடிவு செய்யட்டும். கம்பெனியில் தனக்கு வரவேண்டியது ஒன்பது பங்கு. மனைவிக்கு இரண்டு, இரண்டு மகன்களுக்கும் இரண்டிரண்டு, பிரிசில்லாவுக்கு இரண்டு, மிச்சம் ஒன்று கம்பெனிக்கே. கல்யாணமாகிப் போய்விட்ட மூத்த மகளுக்குப் பத்து ஷில்லிங். கடைசியில், என் பெண்டாட்டி பிள்ளைகளைத் தகப்பன் ஸ்தானத்தில் இருந்து பார்த்துக்கொள்ளுங்கள் என்று ஒரு வேண்டுகோள். அதற்கும் கீழே, அந்த ராபர்ட் பயல் மேல் ஒரு கண் வையுங்கள், நான் நினைத்த அளவுக்கு அவன் சரியில்லை என்று ஒரு குறிப்பு. மனுஷனுக்கு மூச்சு முட்டிக்கொண்டிருக்கிறது. அப்போதும் வேலைக்காரனைப் பற்றிய கவலை விடவில்லை!

பிறகு நடந்ததைச் சொன்னால் நெஞ்சு அடைக்கும். மனைவி ஆலிஸ் போனாள். மகன் ஜோசப் போனான். கண்காணிக்கச் சொன்ன ராபர்ட்டும் போனான். கப்பல் உயிலை எடுத்துக்கொண்டு ஏப்ரலில் இங்கிலாந்துக்குத் திரும்பியது. 'பார்த்துக்கொள்ளுங்கள்' என்று யாரை நம்பிக் கேட்டாரோ, அந்தக் கவர்னர் கார்வர் அதே மாதம் இறந்துபோனார். பிளிமத்தில் அந்தக் குடும்பத்தில் மிஞ்சியது பிரிசில்லா ஒருத்திதான்.

இந்தப் பிரிசில்லாவை அமெரிக்காவில் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குக் கூடத் தெரியும். காரணம் அவள் அப்பாவின் உயில் கிடையாது, 1858-ல் லாங்ஃபெலோ என்ற கவிஞர் எழுதிய 'தி கோர்ட்ஷிப் ஆஃப் மைல்ஸ் ஸ்டாண்டிஷ்' என்ற நீண்ட கவிதை. ஊர்த் தளபதி ஸ்டாண்டிஷ் பிரிசில்லாவைப் பெண் கேட்டு நண்பன் ஜான் ஆல்டனை அனுப்புகிறார். தூது போனவனையே அவளுக்குப் பிடித்துவிடுகிறது. நம்ம ஊர் சினிமாவுக்கு அப்படியே பொருந்தும். ஆல்டனை அவள் கட்டிக்கொண்டது நிஜம். தூது போன கதைக்கு அந்தக் காலத்து ஆவணம் எதுவும் இல்லை. செருப்புக் கணக்குக்கு ஆவணம் இருக்கிறது. ஒரு ஊர் தன்னைப் பற்றிக் கவிதையில் சொல்வதும், சாகும்போது காகிதத்தில் சொல்வதும் எவ்வளவு தூரத்தில் நிற்கின்றன பாருங்கள்.

மல்லின்ஸின் உயிலில் இன்னொரு சமாசாரம். ரொக்கத்தில் மகனும் மகளும் சமம். பங்கிலும் சமம். ஆனால் நிலம்? மூத்த மகன் வில்லியம் இந்தப் பக்கம் வந்தால் என் பங்கு நிலம் அவனுக்கு என்று எழுதுகிறார். பக்கத்திலேயே இருக்கிற பிரிசில்லாவுக்கு இல்லை. கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கிற, வருவானோ மாட்டானோ என்றே தெரியாத மகனுக்கு! காசு என்றால் பிள்ளைகள் எல்லாம் ஒன்று, மண் என்றால் ஆண்பிள்ளை. இந்த ஒரு வரியை மனசில் வைத்துக்கொண்டால், அடுத்த நூறு வருஷத்து நியூ இங்கிலாந்து உயில்கள் எல்லாம் புரிந்துவிடும்.

இந்த உயில்களை உட்கார்ந்து படித்து, அவற்றிலிருந்து ஒரு சமூகத்தின் வீட்டுக்குள் எட்டிப்பார்த்த இரண்டு புத்தகங்களைப் பற்றித்தான் இந்த வாரம் சொல்ல வந்தேன். இரண்டும் 1970-ல் வந்தவை. பிளிமத் காலனியின் குடும்ப வாழ்க்கையைப் பற்றி ஜான் டெமோஸ் எழுதிய 'எ லிட்டில் காமன்வெல்த்' ஒன்று. மாசசூசெட்ஸில் ஆண்டோவர் என்ற ஒரே ஊரின் நான்கு தலைமுறைகளைத் துருவிய ஃபிலிப் கிரெவனின் 'ஃபோர் ஜெனரேஷன்ஸ்' இன்னொன்று. ராஜா, போர், ஒப்பந்தம் என்று எழுதிக்கொண்டிருந்த சரித்திரத்தை உயில், சொத்துப் பட்டியல், கல்யாணப் பதிவு, கிரயப் பத்திரம் பக்கம் திருப்பியவர்களில் இந்த இருவரும் முக்கியமானவர்கள். அரை நூற்றாண்டு தாண்டியும் இரண்டும் பேசப்படுகின்றன. பாராட்ட நிறைய உண்டு. சண்டை போடவும் கொஞ்சம் உண்டு.

முதலில் கிரெவன். ஆண்டோவர் 1646-ல் முறையாக ஊரான இடம். நல்ல காற்று, நல்ல தண்ணீர், தேவைக்கு மேல் நிலம். அவர் கணக்கெடுத்த முதல் தலைமுறை ஆண்கள் சராசரியாக 71 வயசைத் தாண்டி வாழ்ந்திருக்கிறார்கள். பதினேழாம் நூற்றாண்டில்! நல்ல செய்திதானே என்பீர்கள். அப்பாவுக்கு நல்ல செய்தி. மகன் பாடுதான் திண்டாட்டம்.

எப்படி என்று பாருங்கள். மகன்கள் சுமார் 27 வயசில்தான் கல்யாணம் செய்துகொண்டார்கள். நிலம் இல்லாமல் குடும்பம் நடத்த முடியாது. நிலம் அப்பாவிடம் இருக்கிறது. கல்யாணத்தின்போது அப்பா ஒரு துண்டு நிலத்தைக் காட்டி, 'அங்கே வீட்டைக் கட்டிக்கோ, உழுது சாப்பிடு' என்பார். ஆனால் பத்திரம் எழுதித் தரமாட்டார். கல்யாணத்துக்கு அப்பா கொடுத்த நிலத்துக்கு உண்மையிலேயே சொந்தக்காரர்களாக இருந்த மகன்கள் இரண்டாம் தலைமுறையில் கால்வாசிப் பேர்தான் என்கிறார் கிரெவன். மீதிப் பேர் அப்பாவின் உயில் வரும்வரை காத்திருந்தார்கள். தலை நரைத்து, நாலைந்து பிள்ளை பெற்று, தன் கையால் கட்டிய வீட்டில் இருந்துகொண்டே 'அப்பா வீட்டில் இருக்கிறேன்' என்று சொல்ல வேண்டிய நிலைமை.

இதைக் கிரெவன் தந்தை அதிகாரம் என்று படிக்கிறார். நிலம் ஒரு கயிறு. ஒரு முனை மகன் கழுத்தில், இன்னொன்று அப்பா கையில். அடுத்தடுத்த தலைமுறைகளில் நிலம் துண்டு துண்டாகி, பங்கு போடவே மிச்சமில்லாமல், பிள்ளைகள் கனெக்டிகட், நியூ ஹாம்ப்ஷயர் என்று கிளம்பியபோதுதான் கயிறு தளர்ந்தது என்கிறார். அதாவது, அப்பாக்கள் மனசு மாறியதால் வந்த விடுதலை இல்லை அது. கொடுக்க ஒன்றும் இல்லாததால் வந்த விடுதலை. இந்த ஒரு கண்டுபிடிப்புக்காகவே புத்தகத்தைக் கும்பிடலாம்.

ஆனால் பத்திரம் தராததெல்லாம் அதிகாரத் திமிர்தானா? அந்தக் காலத்தில் பென்ஷன் கிடையாது. பாங்க் கிடையாது. எழுபது வயசில் கஞ்சி ஊற்ற ஆள் வேண்டும் என்றால், பத்திரம் தன் பெயரில் இருந்தால்தான் உத்தரவாதம். நிலத்தை எழுதிக் கொடுத்துவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்தால் என்ன ஆகும் என்பது அந்தக் கிழவர்களுக்கு நன்றாகத் தெரிந்திருக்கிறது. எனக்குத் தெரிவது கயிற்றைவிட, பயம். கிரெவனின் அட்டவணைகளில் வயசு இருக்கிறது, ஏக்கர் இருக்கிறது. பயத்துக்கு அட்டவணை போட முடியாதே!

இந்தப் பயம் வெளிப்படையாகத் தெரிகிற இடம், டெமோஸின் புத்தகத்தில் விதவைகளைப் பற்றி வரும் பக்கங்கள்.

ஒரு குடியானவர் சாகிறார். வீட்டையும் நிலத்தையும் மகனுக்கு எழுதுகிறார். அதே உயிலில் மனைவிக்கு ஒரு பட்டியல் தொடங்குகிறது. வீட்டில் ஒரு அறை அவளுக்கு. அடுப்பைப் பயன்படுத்த உரிமை. கிணற்றுக்குப் போய்வரப் பாதை. தோட்டத்தில் ஒரு ஓரம். வருஷத்துக்கு இவ்வளவு தானியம். ஒரு பசு, அதற்குத் தீனி மகன் பொறுப்பு. விறகு வெட்டி, வாசல்வரை கொண்டுவந்து போட வேண்டியதும் மகன் பொறுப்பு. பல உயில்களில் ஒரு கண்டிஷன் வேறு: இதெல்லாம் அவள் என் விதவையாக இருக்கும்வரைதான். மறுகல்யாணம் செய்துகொண்டால் கணக்கு மாறும்.

பெற்ற தாய் கிணற்றடிக்குப் போக எழுத்துமூலம் அனுமதி! நாற்பது வருஷம் அவள் தண்ணீர் இறைத்த கிணறு அது.

டெமோஸ் மனோதத்துவத்தில் நாட்டம் உள்ளவர். அந்தச் சின்னச் சின்ன வீடுகளில் அத்தனை பேர் நெருக்கிக்கொண்டு வாழ்ந்தும் குடும்பச் சண்டை பெரிதாகப் பதிவாகவில்லையே, கோபமெல்லாம் எங்கே போயிற்று என்று கேட்கிறார். அவர் ஊகம்: வீட்டுக்குள் அடக்கிக்கொண்டதை அண்டை வீட்டுக்காரன் மேல் கொட்டினார்கள். அதனால்தான் வரப்புத் தகராறு, பன்றித் தகராறு என்று கோர்ட்டில் அத்தனை வழக்கு. கெட்டிக்கார ஊகம்தான். எனக்குப் பாதிதான் ஒப்புகிறது. அடக்கிய கோபத்தில் ஒரு பகுதி பக்கத்து வீட்டுக்குப் போயிருக்கலாம். இன்னொரு பகுதி எங்கும் போகவில்லை, உயிலின் கண்டிஷன்களாக உட்கார்ந்திருக்கிறது. 'விறகை வெட்டி, வாசல்வரை கொண்டுவந்து' என்று எழுதினால், வெட்டிவிட்டுக் காட்டிலேயே போட்டுவிட்டு வரக்கூடிய மகன் ஒருவனை எழுதியவர் மனக்கண்ணில் பார்த்திருக்கிறார் என்று அர்த்தம். யார் கண்டது, தன் அம்மாவுக்கு அவரே அப்படிச் செய்திருக்கலாம்.

இரண்டு புத்தகங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்கும்போதுதான் பொறி தட்டுகிறது. பத்திரம் கையில் இல்லாத கிழடுக்கு என்ன கதி என்று அந்த அப்பாவுக்கு நன்றாகத் தெரியும். தெரிந்ததால்தான் கடைசி மூச்சுவரை பத்திரத்தை விடவில்லை. அவ்வளவு தெரிந்தவர், தான் போகும்போது பத்திரத்தை மகனிடம் கொடுத்துவிட்டு, மனைவியிடம் ஒரு பட்டியலைக் கொடுத்துவிட்டுப் போகிறார். தனக்கு வரக்கூடாது என்று எதைப் பார்த்து நாற்பது வருஷம் பயந்தாரோ, அதே நிலைமையை அவளுக்கு எழுதிவைத்துவிட்டு, அது கொஞ்சம் வலிக்காமல் இருக்கட்டும் என்று கண்டிஷன் போடுகிறார். அந்தக் கண்டிஷன்களில் பாசம் இல்லை என்று சொல்லமாட்டேன். நிறைய இருக்கிறது. பாசத்தோடு நிறுத்திக்கொண்டார்கள் என்பதுதான் என் குறை.

சட்டம் என்ன சொன்னது என்று கேட்பீர்கள். இங்கிலாந்தில் நிலம் பொதுவாக மூத்த மகனுக்கு மொத்தமாகப் போகும். அதைவிட நியூ இங்கிலாந்துக்காரர்கள் தாராளம். 1641-ல் மாசசூசெட்ஸில் 'பாடி ஆஃப் லிபர்ட்டீஸ்' என்று ஒரு சட்டத் தொகுப்பு போட்டார்கள். உயில் எழுதாமல் செத்தால் மூத்த மகனுக்கு இரட்டைப் பங்கு. பைபிளில் உபாகமத்தில் சொல்லியிருக்கிற கணக்கு. மிச்சம் மற்றப் பிள்ளைகளுக்கு. மகனே இல்லாவிட்டால் மகள்கள் சேர்ந்து வாரிசு. கணவன் தனக்குப் போதுமான பங்கு வைக்காமல் போய்விட்டால், விதவை பொதுச்சபையில் முறையிட்டு நிவாரணம் பெறலாம். பிளிமத்தில் விதவைக்கு நிலத்தில் மூன்றில் ஒரு பங்கு. அது ஆயுள்கால அனுபவ பாத்தியம்தான், விற்க முடியாது. தட்டுமுட்டுச் சாமான், ஆடுமாட்டில் மூன்றில் ஒன்று முழுச் சொந்தம்.

பதினேழாம் நூற்றாண்டுக்கு இது பெரிய விஷயம். அவசரப்பட்டுக் கைதட்டிவிடாதீர்கள். விதவையின் முறையீட்டுக்கு இடம் கொடுத்த அதே 1641 தொகுப்பில், சில ஷரத்துகள் தள்ளி, நியாயமான யுத்தத்தில் பிடிபட்டவர்களையும் விலைக்கு வந்த அந்நியர்களையும் அடிமையாக வைத்துக்கொள்ளலாம் என்றும் இருக்கிறது. பிற்பாடு சில வீடுகளின் சொத்துப் பட்டியலில் மாட்டுக்கும் கட்டிலுக்கும் பக்கத்தில் ஒரு மனிதனுக்கும் விலை போட்டிருப்பார்கள். யார் வாரிசு என்று பேசிய அதே பேனாதான், யார் சொத்து என்றும் எழுதியது.

இரண்டு புத்தகங்களிலும் எனக்குப் பெரிய குறை, பெண்கள் எழுதிய உயில்களுக்கு அவர்கள் போதுமான இடம் தரவில்லை என்பது. கிரெவனிடம் கதை அப்பா - மகன் கதை. மகள்கள் ஓரத்தில் வந்து சீதனம் வாங்கிக்கொண்டு போகிறார்கள். நியாயமான காரணமும் உண்டு. கல்யாணமான பெண்ணின் சொத்தெல்லாம் கணவன் கையில். அவன் சம்மதம் இல்லாமல் அவள் உயில் எழுத முடியாது. ஆக, விதவைகளும் கல்யாணம் ஆகாதவர்களும்தான் எழுத முடிந்தது. எண்ணிக்கை கம்மி. ஆனால் எழுதியவர்கள் எப்படி எழுதினார்கள் தெரியுமா? ஆண்கள் 'மேற்கே ஓடை, கிழக்கே பாறை' என்று எல்லை சொல்லும் இடத்தில், அவர்கள் இந்தப் பாவாடை இவளுக்கு, அந்த ஸ்பூன் அவளுக்கு என்று சாமான் சாமானாகச் சொன்னார்கள். அவர்களுக்கு முழுச் சொந்தமாக இருந்தது அவ்வளவுதான். இருந்ததை ஒவ்வொன்றாகக் கையில் எடுத்து, யார் முகத்தையோ நினைத்துக்கொண்டு கொடுத்திருக்கிறார்கள்.

சாமான் என்றதும் சிரிக்காதீர்கள். வீட்டுப் பொருள்களில் ரொம்ப விலை பெற்றது இறகு மெத்தையும் அதன் விரிப்புகளும்தான். 1616-ல் ஷேக்ஸ்பியர் தன் மனைவிக்கு 'இரண்டாவது நல்ல கட்டில்' எழுதிவைத்ததை வைத்து இன்னமும் அடித்துக்கொள்கிறார்கள், அது அவமானமா அந்தரங்கமா என்று. கடல் தாண்டி வந்தவர்களுக்கும் கட்டில் அப்படித்தான். பிறப்பு, கல்யாணம், சாவு மூன்றும் நடக்கிற இடம்.

உயிலே எழுதாமல் போனவர்களும் உண்டு. இங்கே நம்ம ஊர் ஆள் ஒருவர் ஞாபகம் வருகிறார். 1649-ல் நியூ இங்கிலாந்தின் பாஸ்டனில் பிறந்து, சின்ன வயசிலேயே இங்கிலாந்து போய், 1687 முதல் 1692 வரை நம்ம செயின்ட் ஜார்ஜ் கோட்டையில் கவர்னராக இருந்த எலிஹு யேல். 1718-ல் கனெக்டிகட்டில் ஒரு சின்னக் கல்லூரிக்கு ஒன்பது பொதி சரக்கும் 417 புத்தகங்களும் அனுப்பிவைத்தார். சரக்கு 562 பவுண்டுக்கு விற்றது. கல்லூரிக்கு அவர் பெயரையே வைத்தார்கள். இன்னும் தருவதாகச் சொன்ன பணம் வருவதற்குள், 1721-ல் லண்டனில் உயிலை முடிக்காமலே இறந்துபோனார். அவருடைய வரைவு ஒன்றில் 'என் பொல்லாத மனைவிக்கு' என்று எழுதி, அதற்குப் பிறகு இடத்தைக் காலியாக விட்டிருந்தார் என்று சரித்திரக்காரர்கள் சொல்கிறார்கள். எழுதிய உயில் எவ்வளவு பேசுகிறதோ, அந்தக் காலி இடம் அதைவிட ஜாஸ்தி பேசுகிறது.

மறுபடி பிளிமத்துக்கு வருவோம். லாங்ஃபெலோ கவிதையில் பெண் கேட்டுத் தோற்ற தளபதி மைல்ஸ் ஸ்டாண்டிஷ் 1656-ல் இறந்தார். அவர் உயிலில் நான் பார்ப்பது வேறு ஆள். முடிந்தால் என் மகள் லோரா பக்கத்திலும், மருமகள் மேரி பக்கத்திலும் புதையுங்கள் என்கிறார். அவர்கள் இருவரும் அவருக்கு முன்னால் போய்ச் சேர்ந்தவர்கள். தன் மத குருவின் பேத்திக்கு, அந்தத் தாத்தாவின் பொருட்டு என்று சொல்லி மூன்று பவுண்டு. பிறகு மூத்த மகன் அலெக்சாண்டருக்கு இங்கிலாந்தில் உள்ள நிலங்கள் என்று ஊர் ஊராகப் பட்டியல் போடுகிறார். வேடிக்கை என்னவென்றால், அந்த நிலம் எதுவும் அவர் கையில் இல்லை! முறைப்படி எனக்கு வரவேண்டியது, கள்ளத்தனமாக என்னிடமிருந்து தடுத்து வைத்திருக்கிறார்கள் என்று அவரே எழுதுகிறார். இல்லாத நிலத்தையும் மூத்த மகனுக்கே எழுதினார். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அவர் வம்சத்தார் பணம் திரட்டி இங்கிலாந்துக்கு ஆள் அனுப்பித் தேடினார்கள். ஒரு காணி கூடத் தேறவில்லை. ஆக, அந்த மகனுக்குக் கிடைத்த ஆஸ்தி ஒரு மனக்குறைதான். மனக்குறையும் தலைமுறை தலைமுறையாக இறங்கும் சொத்து என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் சொல்ல முடியாது.

அடுத்த வருஷமே, 1657-ல், கவர்னர் வில்லியம் பிராட்ஃபோர்டு இறந்தார். நிலபுலன்களைச் சொல்லி முடித்துவிட்டு, தன் கையால் எழுதிய சில சின்னப் புத்தகங்களை நல்லபடியாகப் பயன்படுத்துங்கள், முக்கியமாக அந்தக் கறுப்பு அட்டைப் புத்தகத்தை என்று கேட்டுக்கொண்டார். அதில் இருந்தவை பிளிமத்துக்கும் பாஸ்டனுக்கும் புத்தி சொல்லும் செய்யுள்கள். அவர் எழுதிய பெரிய சரித்திரக் கையெழுத்துப் பிரதி, 'ஆஃப் பிளிமத் பிளான்டேஷன்', வேறு. அது குடும்பத்தில் கைமாறிக் கைமாறி, அமெரிக்கப் புரட்சியின்போது காணாமல் போய், லண்டன் பிஷப்பின் நூலகத்தில் கண்டெடுக்கப்பட்டு, 1856-ல் அச்சேறி, 1897-ல்தான் மாசசூசெட்ஸுக்குத் திரும்பியது. அன்றைக்கு அந்த வீட்டில் எல்லோரும் வயலையும் மாட்டையும் பங்கு போட்டிருப்பார்கள். இன்றைக்கு உலகம் தேடுவது அந்தக் காகிதத்தை.

அந்தச் சரித்திரத்தில்தான், டெமோஸும் கிரெவனும் எண்ணாத ஒரு உயில் இருக்கிறது.

பிளிமத் ஊர் வெறும் காட்டில் எழும்பவில்லை. அது பாட்டக்ஸட் என்ற பூர்வகுடிக் கிராமத்தின் உழுத நிலம். 1616-லிருந்து 1619-க்குள் வந்த கொள்ளைநோயில் அந்தக் கிராமமே அழிந்தது. அந்த ஊர்க்காரன் ஒருவன், டிஸ்குவாண்டம், ஆங்கிலேயரால் கடத்தப்பட்டு, ஐரோப்பாவெல்லாம் சுற்றி, திரும்பி வந்து பார்த்தபோது வீட்டில் யாரும் இல்லை. ஊரிலேயே யாரும் இல்லை. பிறகு மேஃப்ளவர்காரர்கள் வந்தார்கள். அவர்களுக்குச் சோளம் விதைக்கவும் மீனை உரமாகப் போடவும் கற்றுக்கொடுத்தவன் அவன்தான். 1622-ல் காய்ச்சலில் இறந்தான். சாகும்போது தன் சாமான்களைத் தன் ஆங்கிலேய நண்பர்களுக்கு, அன்பின் நினைவாக, பிரித்துக் கொடுக்கச் சொன்னான் என்று பிராட்ஃபோர்டு எழுதுகிறார்.

மல்லின்ஸ் உயிலுக்குக் கேப்டனும் வைத்தியரும் சாட்சி. டிஸ்குவாண்டம் உயிலுக்கு பிராட்ஃபோர்டு ஒருவரே சாட்சி. நண்பர்கள் என்று அவர் குறிப்பிடுகிற கூட்டத்தின் கவர்னரும் அவர்தான். சாட்சியே பயனாளி தரப்பு என்றால் எந்த கோர்ட்டும் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு இன்னொரு தடவை படிக்கும். பிராட்ஃபோர்டு பொய் சொன்னார் என்று சொல்லவில்லை, நெகிழ்ச்சியோடுதான் எழுதியிருக்கிறார். ஆனால் என்னென்ன சாமான், யாருக்கு எது என்று ஒரு வரி இல்லை. 21 டஜன் ஷூவுக்குக் கணக்கு இருக்கிறது. இவனுடையதற்கு இல்லை.

டெமோஸையும் கிரெவனையும் கட்டாயம் படியுங்கள். இந்த இரண்டையும் படித்தபிறகு எந்த உயிலையும் பழையபடி படிக்க முடியாது. யாருக்கு என்ன என்று பார்க்கும் முன், பத்திரம் யார் கையில், பட்டியல் யார் கையில் என்று கண் தேடும். படித்து முடித்ததும், நூலகத்தில் பிராட்ஃபோர்டு கிடைத்தால் அந்த 1622-ஆம் வருஷத்துப் பக்கத்தையும் புரட்டுங்கள். அந்தக் கரையில் சொந்தபந்தம் ஒருவர்கூட மிச்சமில்லாத ஒரு மனிதன், தன் ஊர் நிலத்தில் குடியிருந்தவர்களையே வாரிசாக எழுதிவிட்டுப் போனதாக அங்கே நாலு வரி இருக்கிறது.